அனுபவமுள்ள ஓட்டுநர்

என்னை முந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ரெக்கவரி வண்டி ஓட்டுகிறவன். நடுவழியில் நின்றுபோன கார், மரத்தில் முட்டிய கார், பள்ளத்தில் இறங்கிய கார் எல்லாவற்றையும் கொக்கி போட்டு இழுத்து, முதுகில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோகும் வேலை. இந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான். எங்கேயாவது மோதல் என்று தகவல் வந்தால் மூன்று நான்கு வண்டிகள் கிளம்பும். முதலில் போய் நிற்கிறவனுக்குத்தான் அந்தக் கார். இரண்டாவதாகப் போனவன் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பத்தொன்பது வருஷத்தில் நான் அப்படித் திரும்பிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் வந்த பெயர் அது. என் மனைவிக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே சிரிப்பு. "ஊர்ல ஆம்பளைங்க எல்லாம் பொண்டாட்டி முந்தியைப் பிடிச்சுக்கிட்டுத் திரியிறாங்க. எனக்கு முந்தியே புருஷனா வாய்ச்சிருக்கு" என்பாள்.

அடிபட்ட காரை ஏற்றும்போது நான் முதலில் கேட்பது, ஓட்டியது யார், வயது என்ன என்பதுதான். பதினெட்டு, பத்தொன்பது என்று பதில் வந்தால் "அதானே பார்த்தேன்" என்பேன். ஓரமாக நடுங்கிக்கொண்டு நிற்கிற பிள்ளையின் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொல்வேன். "பாலைக் குடிக்கிற வயசுல ஸ்டியரிங்கைக் கொடுத்தா இப்படித்தான்" என்று அதன் அப்பனுக்கும் ஒரு வார்த்தை. ஊருக்கு உபதேசம் செய்வதற்குக் காசா, பணமா? கொக்கியை மாட்டிக்கொண்டே நிறையச் செய்திருக்கிறேன்.

இப்போது சொல்லப்போவது என் யோக்கியதை. இதை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று பல நாள் பார்த்தேன், முடியவில்லை.

எனக்கு ஒரே பெண். பதினெட்டு முடிந்தும் எனக்குப் பாப்பாதான். ஓட்டுநர் தேர்வில் முதல் தடவையே தேறிவிட்டாள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அங்கே காலை ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பும் முதல் பஸ் அந்த வாசலுக்குப் போய்ச் சேர ஆறு இருபது ஆகும். மாசத்தில் மூன்று நாள் தாமதமானால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். ஆகவே கார் இல்லாவிட்டால் பயிற்சி இல்லை, பயிற்சி இல்லாவிட்டால் வேலை இல்லை. எனக்குத் தெரிந்த பட்டறை முதலாளியிடம் சொல்லி, பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினேன். முன் கதவில் ஒரு சொட்டை இருந்ததைத் தவிர வேறு குறையில்லை.

இன்சூரன்ஸ் போட நானும் பாப்பாவும் போனோம். அங்கே மேஜைக்குப் பின்னால் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மூக்கின் நுனியில் கண்ணாடி, அவசரமே இல்லாத பேச்சு.

"இன்சூரன்ஸ் இல்லாம வண்டியை ரோட்டுல இறக்கவே கூடாது சார். குறைஞ்சபட்சம் தேர்டு பார்ட்டி வேணும். அதுல நீங்க யாரை இடிச்சீங்களோ அவங்களுக்குத்தான் கிடைக்கும். உங்க வண்டிக்கு ஒண்ணும் வராது. முழு பாலிசின்னா உங்க வண்டிக்கும் உண்டு" என்றார். பதினெட்டு வயதுக்கு என்ன பிரீமியம் என்று தட்டிப் பார்த்து ஒரு தொகையைச் சொன்னார்.  காரே அந்த விலை இல்லை.

"அப்போ என் பேர்லயே போட்டுடுங்கம்மா. பொண்ணு எப்பவாவது ஓட்டுவான்னு எழுதிக்குங்க" என்றேன், கண்ணைக் கொஞ்சம் சிமிட்டி.

"தினமும் ஓட்டப்போறது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா "நான்தாங்க" என்று சொல்லிவிட்டாள். மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அந்த அம்மாளுக்கு இதெல்லாம் பழக்கம் போலிருந்தது. "அப்பா பேரைப் போட்டுட்டு பொண்ணு ஓட்டி, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, மறைச்சீங்கன்னு சொல்லி கம்பெனி கையை விரிச்சுடும் சார்" என்றார்.

விலை குறைய வேறு வழி சொன்னார். காரில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்துவார்கள். வேகம், பிரேக், திருப்பம் எல்லாவற்றையும் அது கவனித்து நூற்றுக்கு இத்தனை என்று மார்க்குப் போடும். ஒரு மோசமான பயணம் பத்து நல்ல பயணத்தின் மார்க்கை அடித்துவிடும். ஒழுங்காக ஓட்டினால் பிரீமியம் ஏறக்குறைய பாதி. அறுபதுக்குக் கீழே போனால் எச்சரிக்கை. ஐம்பதுக்குக் கீழே போனால் பாலிசி ரத்து.

"ரத்தானா என்னங்க ஆகும்?" என்று கேட்டாள் பாப்பா.

"அதுக்கப்புறம் நீ எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஃபாரத்துல ஒரு கேள்வி இருக்கும்மா. இதுக்கு முன்னாடி உங்க பாலிசி ரத்தாகியிருக்கான்னு. ஆமான்னு எழுதணும். எழுதினா யாரும் எடுக்க மாட்டாங்க. எடுத்தாலும் இப்ப சொன்னதைப் போல மூணு மடங்கு கேப்பாங்க. உன் பேர்ல அது நின்னுடும்."

கடைசியாக இன்னொன்று சொன்னார். விபத்தே செய்யாத, பல வருஷம் ஓட்டிய ஒருவரின் பெயரை இரண்டாவதாகச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் குறையும். ஃபாரத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. 'அனுபவமுள்ள கூடுதல் ஓட்டுநர்' என்று அச்சடித்திருந்தது. அதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "எழுதுங்கம்மா! பத்தொன்பது வருஷம். ஒரு கீறல் கிடையாது. அடிபட்ட வண்டியைத் தூக்குறவன் நான், அடிபடுறவன் இல்லை" என்றேன். நான் இப்படி மார்தட்டிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள் ஒன்று சொன்னார். "பெட்டிக்கு யார் ஓட்டுறாங்கன்னு தெரியாது சார். யார் ஓட்டினாலும் மார்க்கு பாலிசிக்காரங்க பேர்லதான் விழும்." அது என் காதில் விழுந்தது. மண்டையில்தான் ஏறவில்லை. என் பெயருக்கு முன்னால் இருந்த அந்த மூன்று வார்த்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் மாதம் பாப்பாவின் போனுக்கு வந்த மார்க்கு எண்பத்தெட்டு. பரவாயில்லையே என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் நான் அவள் காரை எடுக்க ஆரம்பித்தேன். என் ரெக்கவரி வண்டியைக் கடைத்தெருவில் நிறுத்த இடம் கிடைக்காது. வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுச் சாமான் வாங்க, ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போய்வர என்று சாவியை எடுத்துக்கொள்வேன். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தால் எதிரில் யாரோ எனக்கு முன்னால் போய்ச் சேரப்போகிறார்கள் என்றே கைகாலுக்குத் தோன்றும். பால் வாங்கப் போனாலும் அப்படித்தான். மனைவி என்னோடு காரில் ஏறுவதை எப்போதோ குறைத்துக்கொண்டிருந்தாள். "உங்க கூட வந்தா குடல் வாய்க்கு வந்துடுது. நான் பஸ்ல வர்றேன்" என்பாள். பொம்பளைக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது மாதம் அறுபத்தாறு. மூன்றாவது மாதம் ஐம்பத்துநான்கு, எச்சரிக்கையோடு.

வீட்டை இரண்டாக்கினேன். "ஆஸ்பத்திரிக்குப் போறியா, ரேஸுக்குப் போறியா? உன்னை மாதிரி எத்தனை பேரோட காரை நான் அள்ளியிருக்கேன் தெரியுமா?" என்று கத்தினேன். பாப்பா வேலைக்குப் போய்வந்த களைப்போடு சுவரில் சாய்ந்து நின்றாள். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில், "அப்பா, இதுல ஒவ்வொரு தடவை வண்டி போனதும் தனித்தனியா இருக்குப்பா. என்னைக்கு, எத்தனை மணிக்குன்னு. பார்க்கிறீங்களா?" என்று போனை நீட்டினாள்.

"எனக்கு மார்க்குதான் வேணும். கதை வேண்டாம்" என்றேன்.

அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு மச்சான் வீட்டில் சாப்பாடு. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். வீடு நிறைய ஆட்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் யாரோ பாப்பாவின் வேலையைப் பற்றி விசாரித்தார்கள். நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு எங்கே அது? "வேலையெல்லாம் இருக்கட்டும், எங்க வீட்டு மகாராணி ஓட்டுறதுல வாங்கியிருக்கிற மார்க்கைக் கேளுங்க" என்று ஆரம்பித்து, அவள் போனை வாங்கி எல்லோருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்தேன். "ஐம்பத்திநாலு! பரீட்சைன்னா பாஸு, ரோடுன்னா பரலோகம்!"

சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. "விடுங்க மாப்ளே, வெளியில தேட வேண்டாம். உங்க வண்டிக்கு வீட்டுலேயே கிராக்கி ரெடி" என்றான் மச்சான். நான் தொடையைத் தட்டிச் சிரித்தேன். பாப்பா எழுந்து சமையலறைக்குப் போனாள். ஒரே ஒரு தட்டைக் கழுவ அவ்வளவு நேரமா குழாய் ஓடும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. மனைவி மட்டும் என்னை முறைத்துவிட்டு உள்ளே போனாள்.

திரும்பும்போது பாப்பா ஓட்டுநர் இருக்கையில் உட்காரப் போனாள். "நகரு. எப்படி ஓட்டுறதுன்னு இன்னைக்குக் கத்துக்கோ" என்று நான் ஏறினேன். வழி முழுக்கப் பாடம். "தயங்கக் கூடாது. தயங்குறவன்தான் முட்டுவான். இடைவெளி தெரிஞ்சா புகுந்துடணும், தெரியுதா?" ஒரு லாரியை இடப்பக்கமாக முந்தினேன். பெரிய சந்திப்பில் சிவப்பு விழுந்தது. கடைசி வினாடியில் மிதித்தேன். பின்சீட்டில் மனைவியின் மடியிலிருந்த பை கீழே விழுந்து, அவள் அண்ணி கட்டிக்கொடுத்த சாப்பாடெல்லாம் கொட்டியது. "பிரேக்குன்னா இப்படி மிதிக்கணும். பார்த்தியா?"

"பார்த்தேன்பா" என்றாள் பாப்பா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. மார்க்கு நாற்பத்தேழு. ஏழு நாளுக்குள் நேரில் வந்து விளக்கம் தராவிட்டால் பாலிசி ரத்து செய்யப்படும் என்று எழுதியிருந்தது. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் போட்ட ஆட்டத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. பாப்பா, "நானே லீவு போட்டுட்டுப் போறேன்பா. அந்த ஞாயித்துக்கிழமை..." என்று தொடங்கினாள்.

"ஞாயித்துக்கிழமை மாமா வீட்டுல சொன்னதுக்கு இன்னும் ரோஷமா? நீ போய் அங்க என்னத்தைக் கிழிக்கப்போற? நான் போய்க் கெஞ்சுறேன். பெத்த பாவம்!" என்றேன்.

மறுநாள் போனேன். காலை பதினோரு மணி. மேஜைக்கு முன்னால் இருந்த பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவர்களில் எங்கள் பட்டறை முதலாளியும் ஒருவர். ஏதோ காகிதம் வாங்க வந்தவரை அந்த அம்மாள் மறுநாள் வரச் சொல்லியும், இன்றைக்கே வேண்டும் என்று உட்கார்ந்திருந்தார். நான் இழுத்து வருகிற கார்களில் பாதி அவர் பட்டறைக்குத்தான் போகும். "என்ன முந்தி, இங்கயும் முந்திக்கிட்டு வந்துட்டியா?" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாம் நம்ம பாப்பா பண்ற கூத்துக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே, என் முறை வந்ததும் கடிதத்தை நீட்டினேன். "சின்னப் பொண்ணும்மா. கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுறா. இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுடுங்க" என்று கைகூப்பினேன். என் குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை. அந்த நிமிஷம் வரை அதைத்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். வரிசையாகத் தேதிகள், மணிகள், மார்க்குகள். "இதைப் பாருங்க சார். தினமும் காலையில அஞ்சரைக்கு ஒரு தடவை, மதியம் ரெண்டரைக்கு ஒரு தடவை. தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தி ஆறு, தொண்ணூத்தி மூணு. இவ்வளவு ஒழுங்கா ஓட்டுறவங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இது யாரு?"

"எம் பொண்ணு."

"சரி. இங்க பாருங்க. வியாழக்கிழமை சாயங்காலம் முப்பத்தொண்ணு. அடுத்த வியாழன் இருபத்தெட்டு. ஞாயித்துக்கிழமை மதியம் மூணு மணிக்கு..." விரலால் தொட்டுக் காட்டினார். "பதினொண்ணு. இருபது நிமிஷத்துல ஒன்பது தடவை பிரேக்கை அடிச்சு மிதிச்சிருக்கு. இந்த ஒரு பயணத்தாலதான் ஐம்பதுக்குக் கீழ போச்சு. இது யாரு?"

 அந்த இருபது நிமிஷம்தான் நான் பாப்பாவுக்குப் பாடம் எடுத்தது. சந்திப்பு, லாரி, கொட்டிய சாப்பாடு எல்லாம் கண்முன் வந்தன. மூன்று மாதமாக என் பெண்ணை நான் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் என்னைத் திட்டியது என்று அந்த நொடியில் புரிந்துவிட்டது.

"உங்க பேரும் பாலிசியில இருக்கே சார். அனுபவமுள்ள ஓட்டுநர்னு. இந்த வண்டியை நீங்க ஓட்டுறதுண்டா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.  எனக்குப் பின்னால் பெஞ்சில் பட்டறை முதலாளி முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று திரும்பாமலே தெரிந்தது.

"எப்பவாவது" என்றேன்.

"இந்த ஞாயித்துக்கிழமை?"

"இல்லை. அவதான் ஓட்டினா."

"வியாழக்கிழமை எல்லாம்?"

"அதுவும் அவதான்."

சொல்லிவிட்டேன். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. நாக்கு தானாகச் சொல்லியது. அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலே என்னைச் சிறிது நேரம் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்க சார். ரெண்டாவது பேர்ல இருக்கிறவர் ஓட்டினதுன்னு அவரே ஒத்துக்கிட்டா, அந்தப் பேரை எடுத்துட்டு உங்க பொண்ணுக்கு ஒரு மாசம் அவகாசம் தரலாம். அவதான்னா எங்க கையில ஒண்ணும் இல்லை. ரத்துதான்."

"அவதான்" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். வெளியே வரும்போது பட்டறை முதலாளி என் தோளைத் தட்டி, "இந்தக் காலத்துப் பிள்ளைங்க..." என்றார். நானும் தலையை ஆட்டினேன்! ஆட்டினேன் ஐயா, அதையும் செய்தேன்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். ஆற்றுப் பாலத்தில் இரண்டு கார் மோதிக்கொண்டது என்று போன் வந்தது. நான்கு தெரு தள்ளித்தான் பாலம். சாவியைத் திருப்பக் கை வரவில்லை. இன்னொரு ரெக்கவரி வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனான். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று நிறையப் பேரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று பழமொழியும் சொல்லியிருக்கிறேன். இப்போது அதெல்லாம் என் வாய்க்கு நானே வைத்துக்கொண்ட சூடு மாதிரி இருந்தது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அதைத் திருப்பி வைத்தேன்.

மூன்று மணிக்கு வீட்டுக்குப் போனேன். மனைவி மருந்துக் கடையில் பில் போடும் வேலைக்குப் போயிருந்தாள், வர ஆறு மணியாகும். பாப்பா வந்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறை மேஜையருகே உட்கார்ந்திருந்தாள்.

"ஆபீஸ்ல என்னப்பா சொன்னாங்க?"

"ஒண்ணும் பண்ண முடியாதாம். ரத்துதானாம்." அவள் முகத்தைப் பார்க்காமல் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டேன்.

"ம்" என்றாள். "அந்த அம்மா எனக்கு போன் பண்ணினாங்கப்பா" என்றாள்.

தண்ணீர் என் சட்டையில் கொட்டியது.

"நீங்க அங்கயிருந்து கிளம்பினதுக்கப்புறம். வியாழக்கிழமை, ஞாயித்துக்கிழமை எல்லாம் நீதான் ஓட்டினேன்னு உங்க அப்பா சொல்றார், உண்மையான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னு சொல்லிட்டேன்."

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் தயங்கினேன். அவள் 'ஆமா' என்றதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. தப்பித்தோம் என்று ஒரு மூச்சு வந்தது. ஒரு வினாடிதான், ஆனால் வந்தது. அடச்சே! நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் உறைத்தது. அவள் பெயர், அந்தக் கேள்வி, ஆறு மணிக் கையெழுத்து.

"எல்லாம் நான் ஓட்டினதும்மா" என்றேன்.

"தெரியும்பா."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது மாசத்துலேர்ந்து. போன்ல இருக்கே. காட்ட வந்தேனே."

"அப்போ ஏன் அந்த அம்மாகிட்ட ஆமான்னு சொன்ன? உன் பேர் கெட்டுப்போகும்னு தெரியுமில்ல? வேலை போகும்னு தெரியுமில்ல?" எனக்கு இப்போதும் குரல் உயர்ந்தது, பாருங்கள். மிருகம்.

பாப்பா மேஜையின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "அந்த அம்மா பக்கத்துல யாராவது உட்கார்ந்திருப்பாங்கன்னு தோணுச்சு. எங்க அப்பா பொய் சொல்லிட்டார்னு வேத்து மனுஷங்ககிட்ட நான் எப்படிப்பா சொல்லுவேன்?"

அவளிடம் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. என் பொய்க்கு அவள் கூசிக்கொண்டிருந்தாள். நான் செய்த காரியத்தை, தன் மேல் ஒட்டிய அழுக்கு மாதிரி, யார் கண்ணிலும் படாமல் மறைக்கப் பார்த்திருக்கிறாள்.

ஆறு மணிக்கு மனைவி வந்ததும் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்று கேட்டாள். "யோக்கியன் வர்றான், சொம்பை எடுத்து உள்ள வைன்னு எங்கம்மா சும்மாவா சொன்னாங்க" என்றாள். என்னைத் தாண்டி நேரே பாப்பாவிடம் போய் உட்கார்ந்தாள். அதைவிட அவள் நாலு சாத்து சாத்தியிருக்கலாம்.

மறுநாள் ஆபீஸ் கதவைத் திறந்தபோது நான் வாசலில் நின்றேன். ஆனாலும் முந்தவில்லை. எனக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்கள். போகட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். என் முறை வருவதற்குள் பெஞ்சு நிறைந்துவிட்டது. நேற்றுக் காகிதம் கிடைக்காத பட்டறை முதலாளியும் வந்து சேர்ந்தார். அவரைப் பார்த்ததும் எழுந்து போய்விடலாமா என்று கால் துடித்தது. சத்தியமாகத் துடித்தது.

"நேத்து சொன்னதை மாத்திச் சொல்லணும்மா" என்றேன்.

"எதை?"

"ஞாயித்துக்கிழமை வண்டி ஓட்டினது... அது..."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார். ஃபேன் சத்தத்துல கேக்கலை."

எனக்கு ஊரே கேட்கிற தொண்டை. அது அன்றைக்குத்தான் உள்ளே போய் ஒளிந்துகொண்டது. கனைத்துச் சரிசெய்துகொண்டு சொன்னேன். "ஞாயித்துக்கிழமை ஓட்டினது நான். வியாழக்கிழமை எல்லாம் ஓட்டினதும் நான். எம் பொண்ணு இல்லை. நேத்து உங்ககிட்ட சொன்னது பொய்."

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. யாரோ இருமினார்கள். அந்த அம்மாள் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி, அதையே கைப்பட எழுதச் சொன்னார். எழுதினேன். பத்தொன்பது வருஷம் என்று பெருமையடித்த அதே மேஜை. பேனா இரண்டு தடவை காகிதத்தைக் கிழித்தது.

அவர் படித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு நேத்தே தெரியும் சார். ஆனா ஃபைலுக்கு என் ஊகம் போதாது. உங்க பொண்ணுகிட்ட மூணு தடவை கேட்டேன், யோசிச்சுச் சொல்லும்மா, உன் பேர்ல நின்னுடும்மான்னு. மூணு தடவையும் நான்தான்னு சொன்னா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பாலிசியிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார். பிரீமியம் கொஞ்சம் ஏறும். அந்தக் காரை நான் இனி தொடக் கூடாது. என் தொழில் வண்டியின் ஃபைலிலும் இதைக் குறித்துவைப்பேன் என்றார். வைத்துக்கொள்ளட்டும். "எம் பொண்ணு பேர்ல?" என்று கேட்டேன். "ரத்து இல்லை. ஒரு மாசம் அவ ஓட்டுறதை மட்டும் பார்ப்போம். அவளுக்கு அது போதும்" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினேன். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேறு எதையோ பார்த்தார்கள். பட்டறை முதலாளி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

தெருவில் நின்று பாப்பாவுக்கு போன் செய்தேன். பத்து மணிக்கு அவளுக்கு டீ குடிக்க இடைவேளை விடுவார்கள்.

"சொல்லிட்டேம்மா. எல்லாம் நான்தான்னு எழுதிக் கொடுத்துட்டேன். உன் பேருக்கு ஒண்ணும் ஆகாது. நீ தைரியமா ஓட்டு."

அவள் சந்தோஷப்படுவாள் என்று காத்திருந்தேன். அந்தப் பக்கம் பீங்கான் கப்புகள் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அங்க கூட்டமா இருந்துச்சாப்பா?"

"ஆமாம்மா. பெஞ்சு நிறைய ஆளு."

"ஐயோ" என்றாள். "எல்லார் முன்னாடியுமா சொன்னீங்க?"

 போனைக் காதில் வைத்தபடி நடுத்தெருவில் நின்று அழுதேன்.